கானாடுகாத்தான் வீட்டில் கேட்ட யாழ்ப்பாணம்

அக்டோபர் 20, ஞாயிறு: காரைக்குடி, கானாடுகாத்தான்

என் தோழி பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுகிறவள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டைப் பழுது பார்க்கிறார்கள், அதன் கதவு, தூண், கூரையெல்லாம் அளக்க வேண்டும் என்று கிளம்பினாள், நானும் ஒட்டிக்கொண்டேன். செட்டிநாடு என்றால் வீடும் சாப்பாடும்தானே, நாலு நாள் அதை எழுதலாம் என்றுதான் வந்தேன். அதையும் எழுதுகிறேன், ஆனால் இந்தப் பயணம் போன திசை வேறு.

காலையில் காரைக்குடியில் இறங்கும்போதே தூறல். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெஸ். இடியாப்பம், கத்தரிக்காய் கோசமல்லி, வெள்ளைப் பணியாரம், தொட்டுக்க வரமிளகாய்த் துவையல். இரண்டு பேருக்கு 190 ரூபாய். பரிமாறிய அம்மா, இலையைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்த்தே, "இன்னும் ரெண்டு வைக்கவா, பசியோட வந்திருக்கீக" என்றார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு பணியாரம் வந்து விழுந்தது, அதற்குக் காசு வாங்கவில்லை.

கானாடுகாத்தானுக்கு ஆட்டோ 400 கேட்டார்கள். பஸ்ஸிலேயே போயிருக்கலாம், ஆனால் மழை வலுத்துவிட்டது. வழியெல்லாம் காய்ந்து கிடந்த ஊருணிகளில் செம்மண் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் சமையல்கட்டு. பர்மாத் தேக்கில் தூண்கள், ஒன்றை என்னால் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியவில்லை. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் தாண்டிப் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்த பணம் இப்படிக் கல்லும் மரமுமாக நிற்கிறது. பங்குக்காரர்கள் பல ஊர்களில், சில நாடுகளில். கல்யாணம், பூசை என்றால் மட்டும் கூடுவார்களாம். மற்ற நாளெல்லாம் ஒரு காவல்கார ஐயா. எழுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த நடை, எங்களை முதல் நொடியிலேயே "வாங்கத்தா" என்று கூப்பிட்டுவிட்டார்.

பட்டாசாலை என்கிற கூடத்தில் சாரம் கட்டி ஒருவர் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்தபடி நடந்ததில் சுவரில் கை வைக்கப் போனேன். மேலேயிருந்து, "கவனம் தங்கச்சி, ஈரம் காயேல்லை" என்று குரல் வந்தது. அந்தத் தமிழ் சிவகங்கைத் தமிழ் இல்லை. எந்த ஊர் அண்ணா என்று கேட்டேன். முதலில் "முகாம்" என்றார். அது ஊர்ப்பெயர் இல்லையே என்று நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, கொஞ்சம் கழித்து, "யாழ்ப்பாணம். நல்லூரடி" என்றார்.

அக்டோபர் 21, திங்கள்: கானாடுகாத்தான்

பெயிண்டர் அண்ணன் வேலைக்கு வரவில்லை. மழையால் என்று நினைத்தேன். காவல்கார ஐயா திண்ணையில் பாக்கு வெட்டிக்கொண்டே, "வரமாட்டாப்ல. வருசாவருசம் இந்தத் தேதி அவருக்கு லீவு" என்றார். ஏன் என்று கேட்டதற்கு உடனே பதில் இல்லை. தோழி உள்ளே டேப்பை இழுத்து அளந்துகொண்டிருக்க, நான் டீ வாங்கி வந்தேன் (12 ரூபாய், ஏலக்காய் போட்டது, நன்றாக இருந்தது), குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

ஐயா ராணுவத்தில் இருந்தவர். 1987இல் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில், ஒருவர் வாசலில், ஒருவர் சாரத்தில்.

அந்த வருடம் ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட, அமைதிப்படை என்று பெயர் வைத்து நம் படை போனது. பலாலியில் விமானத்தில் இறங்கியபோது சனங்கள் மாலை போட்டார்கள் என்கிறார் ஐயா. ரோட்டோரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெண்கள் இளநீர் கொடுத்தார்களாம். "நம்ம ஊரு மாதிரியே இருந்துச்சாத்தா. பனைமரம், கிணறு, கோயிலு. நான் லெட்டர்ல எழுதுனேன், சொந்தக்காரவுக வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குன்னு." செப்டம்பர் 26இல் நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த புலிகளின் திலீபன் இறந்தார். அக்டோபர் 10இல் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. இளநீர் கொடுத்த அதே ஒழுங்கைகளில் (சந்துகளில்) கண்ணிவெடி. "யாரு ஊருக்காரப் பையன், யாரு இயக்கத்துப் பையன், எப்படித்தா தெரியும்? லுங்கிதான் கட்டியிருக்கான். எங்க ஆளு ஒருத்தன் விழுந்துட்டா மத்தவனுக்கு எல்லா வீடும் எதிரி வீடுதான்." அவர் கூட்டாளிகள் மூன்று பேர் ஒரே இடத்தில் போனார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பி வரும்வரை இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். இவர்கள் திரும்பியபோது இங்கே சென்னையில் மாலையும் இல்லை, வரவேற்பும் இல்லை, அதை இன்றைக்கும் ஆறாத வருத்தத்தோடுதான் சொன்னார்.

இந்தத் தேதி எதற்கு என்றால், 1987 அக்டோபர் 21 தீபாவளி. அன்றைக்குத்தான் இந்தியப் படை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்தது. அன்றும் மறுநாளுமாக நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர், சிப்பந்திகள் என 60க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலையில் குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு, தாங்கள் சரணடைகிறோம் என்று சொல்லியபடி வந்தார், அவரையும் சுட்டார்கள். பெயிண்டர் அண்ணனின் பெரியம்மா அந்த ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர். அன்று இரவு வேலை.

"நான் அங்கே இல்லத்தா" என்றார் ஐயா. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அதே பேச்சில் இன்னும் ஒரு தடவையும் சொன்னார்.

மதியம் சாப்பாடு பக்கத்து வீட்டு ஆச்சி அனுப்பியது. கவுனி அரிசிப் பொங்கல் தனியாக ஒரு கிண்ணத்தில். ருசியாக இருந்திருக்கும், எனக்கு அன்றைக்கு ஒன்றும் இறங்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்: கானாடுகாத்தான்

நல்ல வெயில். அண்ணன் எட்டரைக்கே சாரத்தில் ஏறிவிட்டார். நாள் கூலி 900, ஒரு நாள் போனால் போனதுதான். பத்தரை மணி டீக்கு இறங்கியவரிடம், கேட்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "கேக்கிறதுக்கு ஆர் இருக்கினம், கேளுங்கோ" என்றார். ஐயாவும் அங்கேதான் இருந்தார், எழுந்து போகவில்லை.

அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஷெல் விழத் தொடங்கியதும் நல்லூர்க் கோயிலுக்குள் ஊரே கூடிவிட்டது. "நிக்க இடமில்லை. கிணத்தில வாளி போட்டா சேறுதான் வரும். பிள்ளையள் அழுகிறது, கிழடுகள் இருமுறது, இரவிலை அந்தச் சத்தந்தான்." ஊரடங்கைச் சில நாட்களில் ஓரிரு மணி நேரம் எடுப்பார்களாம். அப்போது அம்மா வீட்டுக்கு ஓடி அரிசியும் பருப்பும் எடுத்து வர வேண்டும். வழியில் சென்ரி, அதாவது படையின் காவல் சாவடி. அங்கே ஒரு சிப்பாய் தமிழ் பேசினவர். அம்மாவிடம் எந்த ஊர் அரிசி என்று கேட்டாராம், பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பிள்ளைகளுக்கு என்று கொடுத்தாராம். ஒரு நாள் மெதுவாக, "நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்கம்மா" என்றார். மறுநாள் அம்மா போகவில்லை. போன மாமா திரும்பி வந்தபோது முதுகெல்லாம் துப்பாக்கிப் பிடியால் இடித்த காயம். அவரை அடித்தது அதே சென்ரியில் நின்றவர்கள்தான், அந்தத் தமிழ் பேசினவரும் அங்கே நின்றாரா என்று மாமா கடைசிவரை சொல்லவில்லை.

"இந்தியன் ஆமி கெட்டவங்கள் எண்டு நான் சொல்லுவன். அந்த ஆள் நல்லவர் எண்டும் சொல்லுவன். ரெண்டையும் சேத்துச் சொன்னா இஞ்ச ஒருத்தருக்கும் பிடிக்கிறேல்லை."

அப்போதுதான் ஐயா வாயைத் திறந்தார். "ஆஸ்பத்திரிக்குள்ள இருந்து சுட்டாய்ங்கன்னுதான் எங்ககிட்டச் சொன்னாங்க" என்றார். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "உள்ளுக்க இருந்தது நோயாளியள் ஐயா. என்ர பெரியம்மா மருந்துத் தட்டோட நிண்டவ." குரல் உயரவில்லை. ஐயா ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார். இரண்டு பேரும் ஆறு வருடமாக இந்த வீட்டில் ஒன்றாக வேலை செய்கிறார்கள், ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டரிடம் கூட்டிப்போனது அண்ணன்தான். இந்த ஒரு விஷயம் மட்டும் ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில் வந்து நிற்கும் போல.

மதியத்துக்குப் பிறகு மீதியைச் சொன்னார். இந்தியப் படை போனதும் புலிகள், ஊர் அவர்கள் கையில். 1990 ஜூனில் மறுபடி சண்டை. கோட்டைக்குள் இலங்கைப் படை, வெளியே புலிகள், அந்தக் கோட்டையைச் சுற்றித்தான் நகரம். அங்கிருந்து ஷெல், மேலிருந்து விமானக் குண்டு. வீட்டுக்கு வீடு பங்கர், பனங்குற்றி அடுக்கி மேலே மண்மூட்டை. செப்டம்பரில் படை கோட்டையை விட்டு வெளியேறியது, பொருளாதாரத் தடை மட்டும் தொடர்ந்தது. மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, சோப்பு இல்லை, பேட்டரி இல்லை. ஜாம் போத்தலில் திரி வைத்துச் சொட்டு எண்ணெயில் படித்தார்களாம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ கேட்டிருக்கிறார்கள். ஊரை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், வீட்டிலிருந்து ஒருவரைப் பிணை வைக்க வேண்டும். ஆமியின் சென்ரிக்கு அந்தப் பக்கம் போனால் வேறு பாஸ். "எங்கட ஊரிலை நாங்கள் எப்பவும் ஆரிட்டையோ கேட்டுத்தான் நடந்தனாங்கள்."

1995 அக்டோபர் 30ஐப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். படை நெருங்கிவிட்டது, எல்லோரும் உடனே வெளியேறுங்கள் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் செம்மணி வழியாக, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போக வேண்டும். இருப்பது ஒரே பாதை. கொட்டும் மழை. அப்பாவைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளியிருக்கிறார் அண்ணன். ஓர் அடி எடுத்து வைத்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும், விழுந்தால் குனிந்து தூக்க இடமில்லை. தாகத்துக்குக் குடையை மலர்த்திப் பிடித்து மழைத் தண்ணீர் ஏந்தினார்களாம். சில மைல் தூரத்துக்கு ஓர் இரவும் மறுநாள் பகலும் ஆனது. டிசம்பர் தொடக்கத்தில் படை நகரத்தைப் பிடித்துக் கொடி ஏற்றியபோது அங்கே கொடியைப் பார்க்கச் சனமே இல்லை.

அப்பா சாவகச்சேரியில் இறந்தார். மறு வருடம் அண்ணன் மன்னாருக்குப் போய், அங்கிருந்து படகு. தனுஷ்கோடிக்கு முன்னால் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான் படகுக்காரன். பிறகு மண்டபம் அகதி முகாம், பிறகு இங்கே.

சாயங்காலம் அறைக்கு வந்தால் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. விடுதிக்காரர் ஓடி ஓடி இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குறை சொல்லத் தோன்றவில்லை.

அக்டோபர் 23, புதன்: ஆத்தங்குடி

காலையில் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கிற டைல்ஸ்) செய்கிற இடம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே இந்த ஊர் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊற வைத்துக் காய வைக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து எடுக்கும்போது வருகிற அந்த மினுமினுப்புக்கு எந்திரம் எதுவும் கிடையாது. மழைக் காலத்தில் வேலை பாதிதான் என்றார் ஒரு பெண்.

மதியம் கானாடுகாத்தான் வீட்டுக்கு அண்ணனின் மனைவியும் மகளும் எங்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டு வந்தார்கள். முகாமுக்குள் நாங்கள் போக வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும், அது ஒரு நாளில் ஆகிற காரியம் இல்லை, அதனால் சாப்பாடு எங்களைத் தேடி வந்தது. இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் சாப்பிட்டதும் இடியாப்பம்தான், இதுவும் இடியாப்பம்தான், மாவை வறுத்திருந்ததால் வாசனையே வேறு. காவல்கார ஐயா சொதியை இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மகள் பி.காம் கடைசி வருடம். பேச்சு அசல் காரைக்குடிப் பேச்சு, அப்பாவின் தமிழ் ஒரு சொல்கூட இல்லை. இங்கே ஆஸ்பத்திரியில் பிறந்தவள், இங்கேயே படித்தவள். பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பம் போடப் போனால் குடியுரிமை என்கிற கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. இந்தியாவில் பிறந்தும் இந்தியக் குடியுரிமை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, ஓட்டு இல்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் இந்தியக் குடிமக்கள் இல்லை என்பதால் பிள்ளைக்கும் இல்லை. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், அந்தப் பட்டியலில் இலங்கையின் பெயரே இல்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, புது வீடுகளும் கட்டிக் கொடுக்கிறார்கள். அது நல்ல காரியம், அதை அண்ணனே சொன்னார். ஆனால் தமிழ்நாடு முழுவதும் 100க்கும் மேற்பட்ட முகாம்களில் இந்தப் பெண்ணைப் போல எத்தனை பிள்ளைகள் அந்தக் கட்டத்தின் முன்னால் நிற்கிறார்கள்.

ஐயாவின் ஓய்வூதியத்துக்கு வருகிற நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அதைப் போன வருடம் போனில் போட்டுக் கொடுத்தது இந்தப் பெண்தானாம், இந்த வருடமும் அவள்தான். படையில் போனவருக்கு அரசாங்கம் சான்று கேட்டு மாதாமாதம் பணம் தருகிறது, தரட்டும், தர வேண்டியதுதான். அந்தப் படை போன ஊரிலிருந்து வந்த குடும்பத்துக்கு என்ன தருவது என்று முப்பது வருடமாக ஒருவரும் முடிவு செய்யவில்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. நாம் மேடையில் ஈழம் பற்றிக் கேட்டதெல்லாம் கேட்டாயிற்று, நம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூச வந்த மனிதரை ஒரு வார்த்தை கேட்டோமா?

அக்டோபர் 24, வியாழன்: திருப்பத்தூர்

இன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட நாள். 1801 அக்டோபர் 24, இதே திருப்பத்தூரில். ஐயா வருடம் தவறாமல் நினைவு மண்டபத்துக்குப் போய் மாலை போடுகிறவர். அண்ணனுக்கும் அங்கே சாமான் வாங்க வேண்டியிருந்தது. நாங்கள் அங்கிருந்து ஊருக்கு பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. ஒரே காரில் கிளம்பினோம், வாடகை 1,200.

கூட்டம் கூடும் என்று மாவட்டம் முழுக்கப் போலீஸ். ஊருக்கு வெளியே இரும்புத் தடுப்பு வைத்து வண்டியை நிறுத்தினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் கேட்டார், எங்கேயிருந்து வர்றீங்க என்று. முன் சீட்டில் ஐயா பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள், என் பக்கத்தில் அண்ணனின் கை சட்டைப்பையில் போய் முகாம் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டது. யாரும் கேட்கவில்லை. போலீஸ்காரர் அதை வாங்கிப் பார்த்து, இறங்கச் சொல்லி, ஒரு நோட்டில் பெயரும் முகாமும் எழுதிக்கொண்டார். எங்கள் மூன்று பேரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஐயா இறங்கிப் போய், "நம்மாளு சார், நம்ம வீட்டுல வேலை பாக்குறாப்ல" என்றார். இருபது நிமிடம் ஆயிற்று. வண்டியை அதற்கு மேல் விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டதால், மீதித் தூரம் வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு நடை.

கூட்டத்தில் நிற்கும்போது ஐயா அந்தக் கதையைச் சொன்னார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வருகிறது என்றதும் சிறுவயல் ஊரை மருது ஆட்களே கொளுத்திவிட்டுக் காளையார்கோயில் காட்டுக்குள் போனார்கள். காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்து வெள்ளைக்காரனால் முடியவில்லை. அப்புறம் படமாத்தூர் ஒய்யாத் தேவரைச் சிவகங்கைக்கு ஜமீன்தார் என்று கம்பெனி அறிவிக்க, சீமை இரண்டாக நின்றது. புதுக்கோட்டைத் தொண்டைமான் ஏற்கெனவே கம்பெனி பக்கம். கடைசியில் பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் இங்கே தூக்கிலிட்டார்கள், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் இன்னும் 70க்கும் மேற்பட்டவர்களையும் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சிறுவயல்ல இருந்த சனம் எங்க போனது ஐயா, வீடு எரிஞ்ச பிறகு?" என்றார்.

ஐயா யோசித்தார். "அதை யாரும் சொல்லலையேப்பா."

"கம்பெனி ஆமியிலை வந்ததும் தமிழ் ஆக்கள்தானே?"

"ஆமா. பாதிக்கு மேல நம்ம சனந்தான்."

மாலை போட்டு முடிய இரண்டு மணி. வெயிலுக்கு ஆளுக்கொரு நன்னாரி சர்பத், 20 ரூபாய், அண்ணன்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம். எங்கள் பஸ் தடுப்பால் சுற்றுவழியில் போகிறது, பேருந்து நிலையத்துக்குள் வராது என்று அப்புறம்தான் தெரிந்தது. ரோட்டில் நின்று மூன்றாவது பஸ்ஸில் இடம் கிடைத்தது, அதுவும் நின்றுகொண்டே. மகளின் போன் நம்பரை வாங்கியிருக்கிறேன். குடியுரிமை கேட்காத தனியார் கணக்கு அலுவலகங்களில் யாராவது பி.காம் முடிக்கும் பெண்ணுக்கு வேலை தரக்கூடியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், மே மாதத்தில் படிப்பு முடிகிறது.